மாமனாரின் இடது கை

"அவர் எந்தக் கையால வரைவார் சார்?" என்று கேட்டார் இயக்குநர்.

மாப்பிள்ளைக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கமும் இல்லை. மின்சார அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் தொலைபேசிக்கு எதிரே உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். யார் என்ன கேட்டாலும் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். "ஆள் கிளம்பியாச்சு." "கம்பி அறுந்திருக்கு." "இன்னும் அரை மணி நேரம்." எந்த ஆள், எந்தக் கம்பி, எந்த அரை மணி என்பது அவருக்கே தெரியாது. இருட்டில் உட்கார்ந்து கேட்பவருக்கும் தெரியப் போவதில்லை.

"இடது கை" என்றார்.

இயக்குநர் இளம்பெண். கத்தரித்த முடி, மடியில் ஒரு தடித்த நோட்டு. அவருடைய பேனா பாதியில் நின்றது.

"நிஜமாவா சார்? இடது கையா?"

"சுத்தமான இடது கை மேடம். வலது கை சும்மா அட்டையைப் பிடிச்சுக்கும், அவ்வளவுதான்."

சமையலறை வாசலில் டீத் தட்டோடு நின்றிருந்த மனைவி வாயைத் திறந்தாள். "அப்பா வந்து..."

"டீ ஆறுது பார், வை" என்றார் மாப்பிள்ளை.

அவள் வைத்தாள்.

அந்த அப்பாதான் படத்தின் கதை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பத்து நாலு வருஷம் லிஃப்ட் இயக்கியவர். யாரிடமும் போய்ப் படிக்காமல், யாரையும் கேட்காமல், மருந்துப் பெட்டிகளைப் பிரித்து அதன் உள்பக்கத்தில் வரைந்துகொண்டே இருந்தவர். வரைந்ததெல்லாம் பிடரிகள். அவர் கதவைத் திறந்துவிட, வார்டை நோக்கி இறங்கிப் போகிறவர்களின் பின்னந்தலைகள். நல்ல சேதிக்குப் போகும் தலை, கெட்ட சேதிக்குப் போகும் தலை, என்ன சேதி என்றே தெரியாமல் போகும் தலை. முன்னூற்றுச் சொச்சம். கடைசிப் பதினோரு வருஷம் மகள் வீட்டுப் பின்னறையில் இருந்தார், அங்கேயே செத்துப்போனார். அதற்கப்புறம் ஓவியப் பள்ளி ஆசிரியர் ஒருவர், கண்ணாடிச் சட்டத்தைச் சுற்றிக்கட்ட அட்டை தேடிப் பழைய பேப்பர் கடைக்குப் போக, அந்த அட்டைகளைத் திருப்பிப் பார்த்தார். மூன்றே வருஷத்தில் படங்கள் அருங்காட்சியகச் சுவருக்கு ஏறிவிட்டன. இப்போது சினிமா.

அந்த அட்டைகள் பழைய பேப்பர் கடைக்கு எப்படிப் போயின என்பதை இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்காத வரைக்கும் மாப்பிள்ளைக்கு நிம்மதி.

சினிமாக்காரர்கள் அவரைக் "குடும்ப ஆலோசகர்" ஆக்கினார்கள். படப்பிடிப்புத் தளத்தில் துணி நாற்காலி ஒன்று போட்டார்கள். அதன் முதுகில் "மாப்பிள்ளை சார்" என்று எழுதியிருந்தது. அதில் உட்காருவதற்கு முன் அவர் தினமும் ஒரு தரம் நாற்காலியைச் சுற்றி வந்தார்.

"எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?" என்றாள் மனைவி அன்றைக்குச் சாயங்காலம். "அப்பாவுக்கு வலது கைதானே?"

"நீ பார்த்தியா?"

"பொறந்ததுல இருந்து பார்த்தேன்."

"பார்த்தா மட்டும் போதுமா? வலது கையால ஊர்ல எல்லாரும்தான் வரையறாங்க. அதுக்கு எதுக்கு ஒரு சினிமா? நீ இதுல தலையிடாத. உனக்கு அந்த அளவுக்கு மூளை போகாது."

அவள் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மாமனாராக நடிப்பவர் பெயர்போன நடிகர். எடுத்த காரியத்தில் தன்னையே கரைத்துக்கொள்பவர் என்று எல்லாப் பேட்டியிலும் அவரே சொல்லியிருக்கிறார். இரண்டு மாதம் இடது கையாலேயே வாழ்ந்தார். இடது கையால் பல் தேய்த்து ஈறைக் கிழித்துக்கொண்டார். இடது கையால் முகம் மழித்து, கன்னத்தில் ஒரு பிளாஸ்திரியோடு வந்து நின்றார். இடது கையால் பிடரி ஒன்றை வரைந்து காட்டினார். அது பூசணிக்காய் மாதிரி இருந்தது.

"அச்சு அசல் மாமாதான்!" என்றார் மாப்பிள்ளை.

அந்த வாரமே ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு போட்டோ வந்து சேர்ந்தது. மாமனார் ஓய்வு பெற்ற நாளில் எடுத்தது. கழுத்தில் மாலை, எதிரே ஒரு பதிவேடு. அதில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். வலது கையால்.

இயக்குநர் போட்டோவை நீட்டினார். நடிகர் தன் கன்னத்துப் பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டே மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"அது கையெழுத்து மேடம்" என்றார் மாப்பிள்ளை. "கையெழுத்துக்கு வலது. படத்துக்கு இடது. அதுதான் அவரோட ரகசியமே."

"ஏன் சார் அப்படி?"

ஏன்? மாப்பிள்ளை ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். குடித்து முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"லிஃப்ட் கதவு. அந்தக் காலத்து இரும்புக் கிராதிக் கதவு. வலது கை விரல் மாட்டிக்கிச்சு. பேனா பிடிக்கலாம், தூரிகை பிடிச்சா நடுங்கும். அப்பத்தான் இடது கைக்கு மாறினார்."

இயக்குநரின் முகம் விளக்குப் போட்டது போல மலர்ந்தது. "சார், இதை ஏன் சார் இவ்வளவு நாள் சொல்லல?"

"வலிக்கிற விஷயம் மேடம்" என்றார் மாப்பிள்ளை, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

கலை இயக்குநரின் ஆட்கள் ஒன்பது நாளில் கிராதிக் கதவோடு பழைய லிஃப்ட் ஒன்றைக் கட்டினார்கள். அது மேலே போகாது, கீழே வராது. ஆனால் கிரீச் என்ற சத்தம் மட்டும் அசலாக இருந்தது. படம் பிடிக்கிற அன்று, ஆஸ்பத்திரிக் காட்சிகளைச் சரிபார்க்க ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ் ஒருவர் வந்திருந்தார். நடிகர் கதறியதைப் பொறுமையாகக் கடைசிவரை பார்த்தார்.

"இது யாருக்கு?" என்றார்.

"லிஃப்ட்காரருக்குத்தான் அம்மா. விபத்து."

"விபத்தா? அவர் லிஃப்ட்ல ஒரு எறும்புகூட நசுங்கினதில்ல. நசுங்கியிருந்தா கட்டுப் போட்டிருக்க வேண்டியவ நான்தானே?"

எல்லாத் தலைகளும் துணி நாற்காலியின் பக்கம் திரும்பின.

"ஆஸ்பத்திரியில நடந்ததுன்னு நான் எப்ப சொன்னேன்?" என்றார் மாப்பிள்ளை.

"லிஃப்ட் கதவுன்னு சொன்னீங்களே சார்?"

"கதவுன்னு சொன்னேன். லிஃப்ட்னு நீங்களா எடுத்துக்கிட்டீங்க. வீட்டுல, பின்னறைக் கதவு."

தலைமை நர்ஸ் அவரைத் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்த்தார். காய்ச்சல் இருக்கிறதா என்று தொடாமலே தெரிந்துகொள்ளும் பார்வை.

லிஃப்டைப் பிரித்துப் பின்னறையைக் கட்டினார்கள். கட்டில், ஜன்னல், மூலையில் அடுக்கிய மருந்துப் பெட்டிகள் என்று எல்லாமே இருந்தன. மாப்பிள்ளை உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்தார். ஜன்னல் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று கேட்டார்கள். அவர் இந்தப் பக்கம் என்றார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார்" என்றார்கள். அந்தப் பக்கம் என்றார்.

"கதவைச் சாத்தினது யாரு சார்?" என்று இயக்குநர் கேட்டார்.

"காத்து."

"காத்துக்கு யாரையும் நடிக்க வைக்க முடியாதே சார். ஜனங்களுக்குக் கோபம் வரணும்னா ஒரு ஆள் வேணும். அன்னிக்கு வீட்டுல வேற யாரு இருந்தாங்க?"

வீட்டில் இருந்தது மூன்றே பேர். மாமனார், மனைவி, அவர். மாமனார் தன் விரலைத் தானே நசுக்கிக்கொள்ள மாட்டார். மாப்பிள்ளை பார்வையால் மனைவியைத் தேடினார். மனைவியின் மேல் போட்டுவிடலாம். ஆனால் அவளும் அன்றைக்குத் தளத்துக்கு வந்திருந்தாள். இயக்குநருக்குப் பக்கத்தில் ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்து, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்" என்றார் மாப்பிள்ளை. அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "தெரியாம. அப்புறம் அழுதேன். ரொம்ப அழுதேன். அதையும் எடுங்க."

எடுத்தார்கள். கதவு சாத்துவதை ஆறு கோணத்தில் எடுத்தார்கள். அழுகையை ஒரே ஒரு தடவை, அதுவும் தூரத்திலிருந்து எடுத்தார்கள்.

அன்று முதல் மாப்பிள்ளைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஊர் முழுக்கப் படத்தைப் பார்க்கும். தெருவில் நடந்தால், மகா கலைஞனின் விரலை நசுக்கியவன் போகிறான் என்று சொல்லும். ஏதாவது நல்லது செய்தாக வேண்டும். தினமும் மழித்துக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு முதல் ஆளாகத் தளத்துக்கு வந்தார்.

"மேடம், ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுட்டோம்."

"சொல்லுங்க சார்."

"அந்தப் படங்களை யாரு பாதுகாத்தா? நான்தான். ஒவ்வொண்ணா வெள்ளைத் துணியில சுத்தி, என் பீரோவுல வச்சுப் பூட்டி, சாவியை இடுப்புலயே செருகியிருப்பேன். மாமா கேப்பார், 'ஏன் மாப்பிள்ளை இந்தக் குப்பையை இவ்வளவு பத்திரமா வச்சிருக்கீங்க?'ம்பார். 'இது குப்பை இல்ல மாமா, பொக்கிஷம்'னு சொல்லுவேன்."

"அருமை சார்!" என்று எழுதிக்கொண்டார் இயக்குநர். எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "ஒரே ஒரு சந்தேகம். பீரோவுல பூட்டி வச்சிருந்தது பழைய பேப்பர் கடைக்கு எப்படி சார் போச்சு?"

மாப்பிள்ளை தண்ணீர் டம்ளரைத் தேடினார். மூன்று வருஷமாக எந்தக் கேள்வி வரக்கூடாது என்று இருந்தாரோ, அதற்குத் தானே நாற்காலி போட்டுக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்.

"திருட்டு" என்றார்.

"என்னது?"

"வீட்டுல திருடன் புகுந்துட்டான் மேடம். மாமா போன துக்கத்துல நாங்க கவனிக்கல. பீரோவை உடைச்சிருக்கான். நகையைத் தொடல. படத்தை மட்டும் எடுத்துட்டுப் போயிட்டான்."

"நகையைத் தொடாம, மருந்துப் பெட்டி அட்டையை எடுத்துட்டுப் போனானா?"

"விஷயம் தெரிஞ்ச திருடன் மேடம்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "அந்தப் பேப்பர் கடைக்காரர் பாவம் இல்லைங்களா? இப்ப அவர் தலையில இல்ல விடியும்?"

"அந்தாளை யாரு தேடப் போறா? சினிமா இது. எதை வேணா சொல்லலாம்."

"நீங்க உண்மையைச் சொல்லிடுங்களேன்."

"சொல்றதுக்கு என்ன இருக்கு? எல்லாம் நான் பார்த்துக்கறேன், நீ போய்ப் படு."

"மணி ஏழுதாங்க ஆகுது" என்று சொல்லிவிட்டு அவள் பின்பக்கம் போனாள்.

நாலாம் நாள் தளத்துக்குப் போலீஸ் வந்தது.

பின்னறை செட்டில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அடுத்த காட்சிக்காக எல்லாரும் காத்திருந்தார்கள். கனத்த மீசையோடு ஒரு இன்ஸ்பெக்டர், அவருக்குப் பின்னால் ஒரு ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு, கைகளில் பழைய காகிதத்தின் தூசி. அந்த ஆளைப் பார்த்ததுமே மாப்பிள்ளை நாற்காலியில் தாழ்ந்து உட்கார்ந்தார்.

"யாரு இங்க அந்த மாப்பிள்ளை?" என்றார் இன்ஸ்பெக்டர்.

யாரும் கை காட்ட வேண்டியிருக்கவில்லை. நாற்காலியின் முதுகிலேயே எழுதியிருந்தது.

"உங்க வீட்டுல படம் திருட்டுப் போனதா சொல்லியிருக்கீங்க. அருங்காட்சியகத்துக்குத் தெரிஞ்சு, அவங்க எங்ககிட்ட எழுதிக் குடுத்துட்டாங்க. திருட்டுப் பொருளைச் சுவத்துல மாட்ட முடியாதாம். இந்த ஆள் கடையிலதான் கிடைச்சிருக்கு." இன்ஸ்பெக்டர் ஒல்லி மனிதரின் பக்கம் திரும்பினார். "சொல்லுய்யா. படத்தைக் கொண்டு வந்து போட்டது யாரு?"

பேப்பர் கடைக்காரர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மாப்பிள்ளையைப் பார்த்தார். நிதானமாக, எடைக்கல்லைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"ஞாபகம் இல்லைங்க" என்றார் கடைக்காரர்.

"நல்லா பாரு."

"கடைக்கு நாளைக்கு நூறு பேர் வர்றாங்க. யாருன்னு சொல்றது? வீட்டுப் பழசைப் போட வர்றவங்க முகத்தை நான் ஞாபகம் வச்சுக்கறதில்லைங்க. அது மரியாதை இல்ல."

"அப்ப திருடினது நீதான். ஏறு ஜீப்புல."

கடைக்காரர் வாதாடவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்தார். "கடையைச் சாத்தாம அப்படியே வந்துட்டேன்யா. பேப்பரெல்லாம் பறக்கும். போற வழியில ஒரு நிமிஷம் நிறுத்தினா சாத்திட்டு வந்துடறேன்" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

மாப்பிள்ளை அவருடைய பிடரியைப் பார்த்தார். மெலிந்த கழுத்து. சட்டைக் காலர் நைந்து நூல் பிரிந்திருந்தது. வெட்ட மறந்துபோன நாலு நரைமுடி. இப்படி ஒரு பின்னந்தலையை வாழ்நாளில் அவர் நின்று பார்த்ததேயில்லை. புகார்ப் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் ஆளை அனுப்பியாச்சு என்று சொன்னவருக்கு, முதல் தடவையாக அனுப்பிய ஆள் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தார்.

"ஐயோ, நில்லுங்க சார்!"

நாற்காலி கவிழ்ந்தது.

"அவரை விட்டுடுங்க. திருடன் யாரும் வரல. பீரோவும் இல்ல, வெள்ளைத் துணியும் இல்ல. நான்தான் கொண்டு போய்ப் போட்டேன். மூணு மூட்டை. இவ அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தா. திரும்பி வர்றதுக்குள்ள ரூமைக் காலி பண்ணினேன். எனக்கு வாஷிங் மெஷின் வைக்க இடம் வேணும்."

ஆரம்பித்துவிட்ட பிறகு மாப்பிள்ளையால் நிறுத்த முடியவில்லை.

"கதவு யார் விரலையும் நசுக்கல. இடது கையா வலது கையா, எனக்குத் தெரியாது. பதினோரு வருஷம் ஒரே வீட்டுல இருந்தோம். அந்த ரூமுக்குள்ள நான் போனதே அவர் செத்தப்புறம்தான். ஜன்னல் எந்தப் பக்கம்னு கேட்டா மெஷினை வச்சுத்தான் எனக்கு அடையாளம் தெரியும். ஒரு தடவை அட்டையும் கையுமா வந்து நின்னார். 'மாப்பிள்ளை, அஞ்சு நிமிஷம் இப்படி உக்காருங்க, உங்க முகத்தை வரையறேன்'னார். முகத்தை சார்! வேற யார் முகத்தையும் அவர் கேட்டதில்ல. ஆபீசுக்கு நேரமாச்சுன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டேன்."

மூச்சு வாங்கியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"அன்னிக்கு ஞாயித்துக்கிழமை சார்."

இப்போது அழுகை தானாக வந்தது. தூரத்திலிருந்து எடுக்கிற அழுகை இல்லை. மூக்கும் வாயும் கோணிக்கொண்டு, பார்க்கவே சகிக்காமல் வந்தது. பேப்பர் கடைக்காரர் திரும்பி வந்து கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். கூட்டத்தின் ஓரத்தில் மனைவி நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது, உதடுகள் மட்டும் ஓசையில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. தனக்காக எதையோ வேண்டிக்கொள்கிறாள் என்று மாப்பிள்ளை நினைத்தார். அவளை நோக்கிக் கைகூப்பினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதுவும் முதல் தடவை.

"கட்!" என்றார் இயக்குநர்.

தளம் முழுக்கக் கைதட்டியது. விளக்குக்காரர்கள் ஏணி மேலிருந்தே தட்டினார்கள். தலைமை நர்ஸ் எழுந்து நின்று தட்டினார். மாமனார் நடிகர் இரண்டு கையாலும் தட்டினார். ஒன்றும் புரியாமல் மாப்பிள்ளை ஈர முகத்தோடு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மூன்று மூலையில் மூன்று கேமரா, மூன்றும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். மீசையை ஒரு ஓரத்திலிருந்து பக்குவமாக உரித்து எடுத்தார். பிறகு மாப்பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார்.

"பிரமாதம் சார்! உங்க வீட்டம்மா எழுதிக் குடுத்த வசனம் ஒரு வார்த்தை மாறாம அப்படியே வந்துடுச்சு, அந்த ஒரு 'ஐயோ'தான் கூடுதல்."